பாட்டி சொன்ன 'அம்மை' எந்த அம்மை? பேராக் தோட்டங்களில் சின்னம்மையும் நோய் எதிர்ப்பாற்றலும்



வாய்மொழி வரலாறு சேகரித்து வாருங்கள் என்று சொன்னால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி தாத்தாவிடம்தான் பிள்ளைகள் முதலில் போவார்கள். திரும்பி வரும் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி அடிக்கடி இருக்கும்: "எங்க பாட்டிக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டுருச்சி. லயத்துல எல்லாருக்கும் வந்துச்சாம். அதனால இனிமே வராதாம்." நாமும் சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

கொஞ்சம் நில்லுங்கள். அந்த வரியில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. பாட்டிக்கு வந்தது 'அம்மை' என்பது ஒன்று. லயத்தில் எல்லாருக்கும் சின்ன வயதிலேயே வந்தது என்பது இரண்டு. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது மூன்று. வரலாறு படிக்கிற நாம் மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பழங்கதை என்று விட்டுவிட முடியாது. ஏனென்றால், "அப்பல்லாம் எல்லாருக்கும் வந்து போச்சி, யாருக்கு என்ன ஆச்சி?" என்ற இதே வரியை வைத்துத்தான் இன்றும் பல வீடுகளில் தடுப்பூசி வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள்.

1. ஒரு சொல், பல நோய்கள்

நம் பேச்சில் 'அம்மை' என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. பெரியம்மை ஒன்று. சின்னம்மை வேறு, மலாயில் 'சாச்சார் ஆயிர்' என்பது இதுதான். தட்டம்மையை மணல்வாரி என்றும் சொல்வோம், மலாயில் 'சாம்பாக்'. கன்னம் வீங்கும் கூகைக்கட்டைக்கூடப் புட்டாளம்மை என்பவர்கள் உண்டு. இவை நான்கும் நான்கு வெவ்வேறு வைரஸ்களால் வருபவை. ஒன்று வந்து போனதால் மற்றொன்றுக்கு எதிர்ப்பாற்றல் கிடைக்காது.

இவற்றில் பெரியம்மைதான் கொடியது. அதன் கடுமையான வகை, கண்டவர்களில் ஏறக்குறைய 100-க்கு 30 பேரைக் கொன்றது. 1980 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை, பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தது. அந்த ஒழிப்புப் பணியில் ஊர் ஊராகத் தேடிச் சென்றவர்களை அதிகம் குழப்பியது சின்னம்மைதான். வேறுபாட்டை அவர்கள் இப்படிக் கண்டுபிடித்தார்கள்: பெரியம்மையில் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் அதிகம், உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும், ஓரிடத்தில் இருக்கும் கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் மார்பிலும் முதுகிலும் அதிகம். ஒரு பக்கம் புதிதாகச் சிவந்து, ஒரு பக்கம் நீர் கோத்து, இன்னொரு பக்கம் பொருக்குத் தட்டி, எல்லாம் கலந்து கிடக்கும்.

பாட்டியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "மூஞ்சில குழி விழுந்துச்சா? யாராவது செத்தாங்களா? கண்ணு போச்சா?" பதிலை வைத்தே பாதி விடை தெரிந்துவிடும்.

2. கோயிலை வைத்து நோயைச் சொல்ல முடியுமா?

பேராக்கில் 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன்பின் வளர்ந்த தோட்டங்களுக்கு நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி வந்தார்கள். இறங்கியவர்களை நேரே தோட்டத்துக்கு அனுப்பிவிடவில்லை; பினாங்கில் இறங்கியவர்களைப் புலாவ் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே விட்டார்கள். 'அம்மை குத்துதல்' அந்தப் பயணத்தின் ஒரு பகுதி. அது பெரியம்மைக்கான ஊசி. சின்னம்மைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வந்த இடத்திலெல்லாம் மாரியம்மன் கோயில் எழும்பியது. "மாரியம்மன் கோயில் இருக்கு, அப்படின்னா இங்க அம்மை வந்திருக்கு" என்று மாணவர் எழுதினால் ஏற்றுக்கொள்ளலாமா? ஈப்போவுக்குப் பக்கத்தில், பத்து காஜாவில் உள்ள கெல்லிஸ் காசலுக்குப் போயிருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அந்த மாளிகையை விரிவாகக் கட்டத் தொடங்கினார். வேலை நடந்துகொண்டிருந்தபோது தொழிலாளர்களிடையே ஒரு கொள்ளைநோய் பரவியது. மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்க, துரையும் கட்டித் தந்தார் என்பது அங்கு வழங்கும் வரலாறு. அந்தக் கோயிலின் மேலே தெய்வ உருவங்களோடு ஒரு வெள்ளைக்காரர் உருவமும் நிற்பதை இன்றும் பார்க்கலாம். அந்தக் கொள்ளைநோயை ஸ்பானிஷ் காய்ச்சல் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அது ஒரு சளிக்காய்ச்சல், அம்மையே அல்ல!

ஆக, மாரியம்மன் எல்லாக் கொள்ளைநோய்க்கும் காவல் தெய்வம். கோயில் ஒரு நல்ல சான்று. ஆனால் மக்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதற்குச் சான்று. எந்த நோய் வந்தது என்பதை வேறு வழியில்தான் நிறுவ வேண்டும்.

3. "ஒருமுறை வந்தா மறுபடி வராது"

இந்த மூன்றாவது கூற்றில் பாட்டி ஏறக்குறைய சரி. 1767-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், சின்னம்மை பெரியம்மையின் இளைத்த வடிவம் அல்ல, வேறு நோய் என்று காட்டினார். ஒருமுறை சின்னம்மை கண்டவருக்கு அது மறுபடி வருவதில்லை என்றும் அவர் குறித்தார். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று தீர்மானித்த நம் பாட்டிமார்களும் இதே கவனிப்பைத்தான் நம்பினார்கள். "எனக்கு ஏற்கெனவே போட்டாச்சி, நான் பாத்துக்கிறேன்" என்று ஒருவர் முன்வருவார். இரண்டாம் முறை வருவது மிக அரிது என்பதே இன்றைய மருத்துவமும் சொல்வது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கொப்புளம் உதிர்ந்த பிறகும் சின்னம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்பாற்றல் குறையும்போது விழித்து, ஒரு நரம்பின் வழியே, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போலக் கொப்புளமாக வெளிவரும். அதுதான் அக்கி. ஊரில் குயவர் காவி கொண்டு 'அக்கி எழுதுவார்' என்று தாத்தா சொல்லியிருப்பாரே, அதேதான்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹங்கேரி மருத்துவர் போகாய், அக்கி வந்த பெரியவரோடு இருந்த பிள்ளைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்தார். 1965-இல் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் கிராமத்து மருத்துவர் இதை முழு விளக்கமாக்கினார்: ஆள்கள் குறைவாக இருக்கும் ஒதுக்குப்புற ஊரில்கூடச் சின்னம்மை அழியாமல் இருப்பது எப்படி? அது ஒரு முதியவரின் நரம்பில் காத்திருந்து, அக்கியாக வந்து, இன்னும் அம்மை காணாத பேரப்பிள்ளைக்கு ஒட்டிக்கொள்கிறது. மூன்று தலைமுறை ஒரே லயத்து வீட்டில் படுத்த நம் தோட்டத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். "வெளியாளு யாருமே வரல, எப்படி வந்துச்சின்னே தெரியல" என்று பாட்டி சொன்னால், வீட்டில் யாருக்காவது அக்கி இருந்ததா என்று கேளுங்கள்.

4. எல்லாருக்கும் சின்ன வயதிலா?

இந்த இரண்டாம் கூற்றைத்தான் நாம் அதிகம் சந்தேகிக்க வேண்டும். குளிர் நாடுகளில், தடுப்பூசி வருவதற்கு முன், பெரும்பாலான பிள்ளைகள் 10 வயதுக்குள் சின்னம்மை கண்டுவிடுவார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அப்படி இல்லை. அம்மை காணாமலேயே பெரியவர்களாகிவிடுவோர் இங்கு அதிகம். வெப்பமும் ஈரமும் வைரஸை வலுவிழக்கச் செய்வதும், சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் தொற்று அடிக்கடி சுற்றி வராததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாய்மார், பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார்கள். உள்ளே நெருக்கம், ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வந்துவிடும். ஆனால் தோட்டத்துக்கும் வெளியுலகத்துக்கும் இடையே தூரம். 1948-இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தபின், பல தோட்டங்களில் லயங்கள் முள்வேலிக்குள் போயின. போக்குவரத்து இன்னும் குறைந்தது. அம்மை வந்த ஆண்டில் ஆயாக்கொட்டகையில் இருந்த பிள்ளைகளுக்கு எதிர்ப்பாற்றல் கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு? நோய் மறுபடி வரும்வரை அவர்கள் காணாதவர்களாகவே வளர்ந்திருப்பார்கள்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, குடும்பங்கள் ஈப்போவுக்கும் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் நகர்ந்தன. தோட்டத்தில் தப்பித்தவர் தொழிற்சாலை விடுதியிலோ கல்லூரியிலோ 20 வயதில் அம்மை கண்டிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் சோதிக்கக்கூடிய ஊகம். உங்கள் பள்ளி வட்டாரத்தில் பத்து முதியவர்களிடம் "எத்தனை வயதில், எந்த இடத்தில்?" என்று கேட்டாலே ஒரு வடிவம் தெரியும்.

5. வேப்பிலை செய்ததும் செய்யாததும்

வாசலில் வேப்பிலைக் கொத்து, தாளிப்பு கிடையாது, கவுச்சி கிடையாது, இளநீர், கூழ், நீர்மோர், பிறகு ஒற்றைப்படை நாளில் வெயிலில் வைத்த மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது. இதைக் கேலி செய்ய வேண்டாம். வேப்பிலைக் கொத்து எழுத்தறிவு இல்லாதவரும் படிக்கக்கூடிய தனிமைப்படுத்தல் அறிவிப்பு. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை ஒதுங்கி இருக்க வேண்டும் என்பதும் மருத்துவ விதிதான்.

அப்படியென்றால் ஏன் லயம் முழுக்கப் பரவியது? சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டும்போது பிள்ளை ஏற்கெனவே எல்லாரோடும் விளையாடி முடித்திருக்கும். தொற்றியவருக்கு 10 முதல் 21 நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். "அம்மா ஒரு வீட்ட விட்டு அடுத்த வீட்டுக்குப் போறா" என்று பெரியவர்கள் சொன்ன இடைவெளி இதுதான்.

6. இன்றைக்கு இதனால் என்ன?

"எல்லாப் பிள்ளைங்களையும் ஒண்ணாப் படுக்க வை, ஒரேயடியா முடியட்டும்" என்ற பேச்சு சில வீடுகளில் இன்னும் உண்டு. பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகத் தேறுவார்கள் என்பது உண்மை. ஆனால் தேறாத சிலர் இருக்கிறார்கள். சொறிந்த புண்ணில் கிருமி சேரும், அரிதாக நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படும். பெரியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து பிள்ளைகளைவிட அதிகம். கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. பிரசவத்தை ஒட்டிய சில நாட்களில் தாய்க்கு அம்மை கண்டால் பிறக்கும் குழந்தையின் உயிருக்கே கேடு. ஆசிரியர் அறையில் கர்ப்பிணி ஆசிரியை ஒருவர் இருக்கலாம், வகுப்பில் புற்றுநோய் மருந்து எடுக்கும் மாணவர் ஒருவர் இருக்கலாம். "வந்தா வரட்டும்" என்று விடும் வீடு, அவர்களுக்கும் சேர்த்து முடிவெடுக்கிறது.

ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகஹாஷி, 1964-இல் தம் சிறு மகன் சின்னம்மையால் மிகவும் அவதிப்பட்டதைப் பார்த்தார். பத்தாண்டு உழைத்து 1974-இல் தடுப்பூசியை உருவாக்கினார். மலேசியாவில் இது அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியார் கிளினிக்கில் பணம் கட்டிப் போட வேண்டும். முழுப் பாதுகாப்புக்கு இரண்டு ஊசி. உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் என்பதால் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அம்மை கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பெரியவருக்கு வந்தால் முதல் நாளே மருத்துவரிடம் போங்கள். வைரஸ் மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வேப்பிலை வாசலில் இருக்கட்டும், யாரும் தடுக்கவில்லை.

7. பாட்டியிடம் கேட்க ஆறு கேள்விகள்

மாணவர்களே, அடுத்த முறை குறிப்பேட்டோடு போகும்போது இவற்றைக் கேளுங்கள்.

1. அம்மை வந்தபோது என்ன வயது? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்?
2. கொப்புளம் எங்கே அதிகம்: முகம், கைகாலா, மார்பு, முதுகா? நீர் கோத்ததா?
3. அதே சமயம் வீட்டில், லயத்தில் வேறு யாருக்கு வந்தது? பெரியவர்களுக்கும் வந்ததா?
4. யாராவது இறந்தார்களா, கண் இழந்தார்களா?
5. தோட்டத்து டிரெசர் வந்தாரா, என்ன சொன்னார்?
6. கையில் இருக்கும் தழும்பு எந்த ஊசியின் தழும்பு?

ஆறாவது கேள்வியில் கவனம். மேற்கையில் இருக்கும் எல்லாத் தழும்பும் 'அம்மை குத்தின' தழும்பு அல்ல. 1961 முதல் நம் நாட்டில் காசநோய்க்கான பிசிஜி ஊசி போடப்படுகிறது. அதுவும் தழும்பு விடும். பிறந்த ஆண்டைக் கேட்டு, இரண்டில் எதுவாக இருக்கும் என்று பாருங்கள். இரண்டுமே சின்னம்மையைத் தடுக்காது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பதில்களைத் தேதி, தோட்டத்தின் பெயரோடு பள்ளியில் சேர்த்து வையுங்கள். லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, பல தோட்டங்கள் பெயரளவில்கூட இல்லை. எந்த ஆண்டில் எந்த அம்மை வந்தது என்பதை நேரில் கண்டு சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது 70, 80 வயது ஆகிறது. இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.