ஓசூர் ஏற்றமும் டிரான்ஸ்பர் கேஸும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் 400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறார்கள் என்பதை, அகன்ற நெடுஞ்சாலையும் புதிய வாகனங்களும் வந்துவிட்ட இக்காலத்தில் பெரும்பாலும் உணர்வதே இல்லை. மாட்டுவண்டிக் காலத்தில் அந்த ஏற்றத்தை உணராமல் யாரும் கடந்திருக்க முடியாது. பாரம் ஏற்றிய வண்டி கணவாயின் அடிவாரத்தில் நிற்கும். இன்னொரு ஜோடி எருதுகளை முன்னால் பூட்டுவார்கள். மேட்டை அடைந்ததும் அவற்றை அவிழ்த்துவிட்டு, வண்டி தன் சொந்த மாடுகளோடு சமவெளி நடையில் போகும். துணை மாடு என்பது எப்போதும் பூட்டியிருக்க வேண்டிய ஒன்றன்று. வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது அவிழ்க்க வேண்டியது. இந்த ஒரு விவேகத்தையே பிற்காலத்தில் இரும்பிலே வார்த்து ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். அந்தப் பெட்டிக்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர்.

இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும், இழுக்கும் சக்தியைப் பற்றிய கவலை அதில் ஓயாமல் தலைகாட்டுவதைக் காண்கிறேன். 1791-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிடச் சென்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் சேனாதிபதி காரன்வாலிஸ், பாரம் இழுக்கும் மாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்துபோன காரணத்தால், தம்முடைய பெரிய முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பின்னர் அவருடைய சேனை ஓசூரையும் இராயக்கோட்டையையும் பிடித்தது. மறு ஆண்டு உடன்படிக்கையில், கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த பாரமகால் அந்தக் கம்பெனியார் கைக்கு வந்தது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் ராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்கென்று 1824-ல் ஏற்பட்ட பண்ணை, இன்றும் கால்நடைப் பண்ணையாக நிலைத்து நிற்கிறது. மாடு தளர்ந்தால் சேனை தளரும் என்ற பாடத்துக்குப் பிறகு இப்படி ஒரு பண்ணை எழுந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை.

குதிரையின் இடத்தை ஜீப் பிடித்தது இரண்டாவது உலக யுத்தத்திலே. வில்லிஸ், போர்டு என்னும் இரு கம்பெனிகளும் 1941 முதல் 1945 வரையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. அவை அனைத்துக்கும் நடுவில், கியர் பாக்ஸின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, ஸ்பைசர் கம்பெனி வகுத்த மாடல் 18 என்ற டிரான்ஸ்பர் கேஸ் இருந்தது. அந்தக் கம்பெனியே 1946-ல் டேனா என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகையால் ஒரே பெட்டியை ஸ்பைசர் 18 என்பாரும் டேனா 18 என்பாரும் உண்டு. இயந்திரத்தின் சக்தியைப் பின்சக்கரங்களுக்கு மட்டும் அனுப்புவதா, முன்சக்கரங்களுக்கும் பகிர்வதா, சாதாரண வேகத்தில் ஓடுவதா, வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவதா என்ற தீர்மானங்களையெல்லாம் டிரைவரின் கைக்கெட்டிய இரண்டு சிறிய லீவர்களில் அது வைத்திருந்தது. முன் அச்சைப் பூட்டினாலன்றி, 'லோ' என்னும் அந்தக் குறைவேக நிலைக்கு லீவர் விழாதபடி உள்ளே ஒரு தடுப்பும் இருந்தது. பெருகிய இழுவை முழுவதும் பின் அச்சின் மேல் மட்டும் இறங்கி அதை முறித்துவிடலாகாது என்பதே அதன் நோக்கம். துணை மாடு பூட்டாமல் மேட்டில் ஏற்றாதே என்று வண்டிக்காரன் சொன்னதை யந்திரமே சொல்லும்படி செய்த அந்தக் கருத்தை எண்ணும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்த ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்ற சொல் நம் ஜனங்களுடைய பேச்சில் கலந்தது அக்காலத்தில்தான். மகிந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸிடமிருந்து 75 வண்டிகளைப் பாகம் பாகமாகத் தருவித்தது. 1949 முதல் பம்பாய் மஸகாவில் அவற்றைப் பூட்டி விற்கும் வேலை ஊன்றியது. பிற்பாடு சி.ஜே. 3பி என்னும் உயர்ந்த மூக்குடைய ஜீப் இந்தியாவிலேயே உருவாகி, வனத்துறை, போலீஸ், தாலுகா ஆபீஸ் என்று தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பாதைகளிலெல்லாம் பழகிப் போயிற்று. பூஜோ டீசல் இயந்திரம் பூண்ட எம்.எம். 540 வந்தபோதும், நடுவிலிருந்த பெட்டியின் வமிசம் மாறவில்லை.

வமிசம் ஒன்றாயினும் உடன்பிறப்புகள் ஒன்றல்ல. பழுதான பெட்டிக்கு மாற்றுப் பெட்டி தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே. யுத்தகால ஜீப்பில் 'லோ' போட்டால் வேகம் 1.97-ல் ஒரு பங்காகக் குறையும். சமாதான காலத்தில் குடியானவர்களுக்கென்று செய்த ஜீப்பில் அது ஏறத்தாழ 2.46-ல் ஒரு பங்காகும். முன்னது சிப்பாயையும் துப்பாக்கியையும் சுமந்து ஓட வேண்டியது. பின்னதோ கலப்பை பிடித்து வயலில் நடக்க வேண்டியது. கியர் பாக்ஸின் முதல் கியரையும் அச்சின் பல் விகிதத்தையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால், யுத்த ஜீப்பின் இயந்திரம் ஏறக்குறைய 26 சுற்றுச் சுற்ற சக்கரம் 1 சுற்றுச் சுற்றும், சி.ஜே. 3பி-யிலோ 37 சுற்றுக்கு 1 சுற்று. மேலகிரிச் சரிவில் இறங்குகிறவனுக்கு, பிரேக்கின் மேல் கால் வைக்காமல் இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் அந்த 37 எத்தகைய பாக்கியம் என்பது இறங்கியவனுக்கே தெரியும்.

மாடல் 18-ன் இன்னொரு லட்சணம், அதிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு வண்டியின் நடுக்கோட்டில் இல்லாமல் வலப்புறம் ஒதுங்கியிருப்பது. ஆகவே பின் அச்சின் உருண்டையும் வலப்புறமே ஒதுங்கியிருக்கும். சக்தி நேர்கோட்டில் போக வழியில்லாமையால், 'ஹை' என்னும் சாதாரண வேக நிலையில் ஓடும்போதுகூட இடைப் பல்சக்கரத்தின் வழியாகவே அது சென்றாக வேண்டும். ஆதலால் இந்தப் பெட்டி எப்போதும் ஒரு ரீங்காரத்துடனே ஓடும். அந்த ஒலியையே நோயென்று கருதி நல்ல பெட்டியைக் கழற்றியவர்கள் பலர். ஒலி இயல்பு, ஒலி மாறினால்தான் நோய். கியர் தானே நழுவி வெளியே வருதல், தண்டைக் கையால் பிடித்து ஆட்டினால் முன்னும் பின்னும் அசைதல், எண்ணெய் நில்லாமல் வழிதல் ஆகியவற்றைக் கண்டால் பெட்டியை இறக்கலாம்.

இந்த ஞானம் ஓசூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் வேரூன்றியதற்கு, அந்த ஊரின் தொழில் வாழ்க்கை துணை நின்றது. 1974-ல் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கும் வரையில், குளிர்ந்த காற்றும் காய்கறிச் சந்தையும் உள்ள ஒரு தாலுகா தலைநகரமாக இருந்தது ஓசூர். 1980-ல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்தது. அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கடிகாரமும் வந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் சிறு லேத் பட்டறைகள் அவற்றைச் சூழ்ந்து முளைத்தன. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை அளந்து பழகிய கைகள் ஓரிடத்தில் கூடிவிட்டால், பழைய ஜீப்பின் தேய்ந்த தண்டு அந்தக் கைகளைத் தேடி வருவது இயற்கை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. எனினும் எந்தப் பாஷைக்காரர் பட்டறையானாலும் இந்தப் பெட்டிக்கு 'டிரான்ஸ்பர்' என்ற ஒரே பெயர்தான்.

எல்லை ஊராக இருப்பதிலும் ஒரு விசேஷம் உண்டு. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே மோட்டார் பாகங்களுக்குப் பேர்போன ஜே.சி. ரோடு. கிழக்கே போனால் சென்னைப் புதுப்பேட்டை. ஒரு ராஜ்யத்தில் கிடையாத பெட்டி மற்றொரு ராஜ்யத்தில் கிடைக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும் வரையில், அங்கே வாங்கிய பாரமான இரும்புப் பெட்டியை ஜுஜுவாடிச் சோதனைச் சாவடி வழியாகக் கொண்டுவருவதற்கு ரசீது கையில் இருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் ரசீது வாங்குவதே ஒரு சாமர்த்தியமாக இருந்த காலம் அது.

சரி, தேர்ந்தெடுப்பது எப்படி? என் அபிப்பிராயம் ஒன்றே: கழற்றிய பெட்டியைக் கையோடு எடுத்துச் செல்லாமல் மாற்றுப் பெட்டி வாங்கப் புறப்படலாகாது. வெளியே பார்த்தால் யுத்தகாலப் பெட்டியும் பிற்காலப் பெட்டியும் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். உள்ளே இடைப் பல்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் பருமனோ, ஆரம்பத்தில் முக்கால் அங்குலமாக இருந்து, பின்பு 1 1/8 அங்குலமாகி, 1950-களில் 1 1/4 அங்குலமாகப் பெருத்தது. அமெரிக்கர்கள் இருமுறை அதைப் பெருக்கியது, அந்தத் தண்டே முதலில் தேய்கிறது என்று கண்டதனால்தான். பருத்த தண்டுள்ள பெட்டி கிடைத்தால் அதையே கொள்ளலாம். ஆனால் ஒன்றின் பல்சக்கரத்தை மற்றொன்றின் பெட்டிக்குள் நுழைக்க முயல்வது வீண் சிரமம். விகிதத்தை அறிய அளவுகோலும் வேண்டாம். 'லோ'வில் போட்டு, உள்ளே வரும் பல்சக்கரத்தைக் கையால் 5 சுற்றுச் சுற்றினால், வெளித்தண்டு 2 சுற்றுக்கு மயிரிழை அதிகமாகச் சுற்றினால் அது 2.46, 4 சுற்றிலேயே அவ்வளவு சுற்றிவிட்டால் அது 1.97. கைபிரேக்கின் உருளை இந்தப் பெட்டியின் பின்புறத்தில்தான் அமர்ந்திருக்கிறது. வேகமானியின் கம்பியும் இங்கிருந்தே புறப்படுகிறது. இவ்விரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் பணம் கொடுத்தவன் மறுபடியும் பெங்களூர் போக வேண்டியதுதான்.

அதிக பலமுள்ள பெட்டி என்று சொல்லிப் பிற்கால மாடல் 20-ஐச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அது சத்தம் குறைந்தது, 'ஹை'யில் சக்தியை நேரே அனுப்புவது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அதன் பின் தண்டு நடுக்கோட்டில் இருக்கிறது. வலப்புறம் ஒதுங்கிய பழைய அச்சுக்கு அது பொருந்தாது. அச்சையே மாற்ற வேண்டும். 'லோ' விகிதமும் 2.03 தான். மலையிறக்கத்துக்கு வேண்டிய இழுவையை இழந்து, அச்சுக்கும் செலவு செய்து, நெடுஞ்சாலை அமைதியை வாங்குவது இந்தப் பிரதேசத்து ஜீப்புக்கு ஏற்ற வியாபாரமல்ல.

ஜிப்சியின் கதை வேறு. 1985 டிசம்பரில் மாருதி வெளியிட்ட அந்த வண்டியில் டிரான்ஸ்பர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிராமல், சற்றுப் பின்னால் தனியே ரப்பர் தாங்கிகளின் மேல் தொங்கி, ஒரு குட்டைத் தண்டினால் இணைந்திருக்கும். ரப்பர் தளர்ந்தால் பெட்டியே உடைந்ததுபோல் இடிக்கும். ஆகவே முதலில் ரப்பரை மாற்றிப் பார்ப்பது புத்தி. 1,000 சி.சி. ஜிப்சியின் பெட்டியில் 'ஹை' 1.580, 'லோ' 2.511, 1996-க்குப் பின் வந்த 1,300 சி.சி. வண்டியில் அவை 1.409, 2.268. பழைய பெட்டி புதிய வண்டியில் பொருந்தும். பொருத்தினால் சாலை வேகம் குறைந்து மலை இழுவை கூடும். தளி, அஞ்செட்டிப் பக்கம் பிழைப்பு நடத்துகிறவருக்கு அது லாபம். தினந்தோறும் பெங்களூர் போய்வருகிறவருக்கு நஷ்டம்.

இதைப் படிக்கும் ஜீப் சொந்தக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாற்றுப் பெட்டி ஏறிய பின், கழற்றிய பழைய பெட்டியைக் கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், வார்ப்பு தேயவில்லை. எண்ணெய் தடவி, வாயை மூடி, பட்டறையின் ஒரு மூலையில் வையுங்கள். ஓடை கடக்கும்போது பாறையில் மோதிப் பெட்டி வெடித்த இன்னொருவர், நாளைக்கு இரண்டு ராஜ்யங்களிலும் அதைத் தேடிக்கொண்டு வருவார்.