திறந்த காரும் தங்கவயலும்

பூமிக்குள் இறங்கிப் பிழைப்பவர்கள் வாழும் ஊரில் ஆகாயத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 பாகை செல்சியஸைத் தாண்டியது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினாலொழிய மனிதன் அங்கே நின்று வேலை செய்வது சாத்தியமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஷிப்ட் முழுவதும் உழைத்துவிட்டு, கூண்டிலேறி மேலே வந்து, முகத்தில் முதற்காற்றை வாங்கிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்கும் தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளுக்கும் நடந்து சென்ற மக்களின் தெருவிலே, தலைக்குமேல் கூரையில்லாத மோட்டார் வாகனம் எவ்வாறு வந்தது, அதில் யார் ஏறினார்கள், பின்னர் அது ஏன் அபூர்வமாயிற்று என்பவையெல்லாம் ஒரு சிறு சரித்திரமாக எழுதத் தக்கவை என்பது என் எண்ணம்.

தங்கவயலின் பூர்வ கதை பலரும் அறிந்ததே. 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் இங்கே பொன் இருப்பதைக் கண்டெழுதினார்; 1875இல் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் மைசூர் சமஸ்தானத்திடம் சுரங்க உரிமை பெற்றார்; 1880க்குப் பிறகு ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் சுரங்கங்கள் பெருகின. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து தங்கவயலின் மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியாக மின்சாரம் வந்தது. அந்நாளில் உலகத்தார் வியந்து பேசிய காரியம் அது. நவீன யந்திரங்களுக்கு இவ்வளவு முன்னதாகவே பழகிவிட்ட ஊருக்கு மோட்டார் கார் புதுமையாக இருந்திருக்கலாம். அச்சம் தரும் பொருளாக இருந்திருக்க முடியாது.

மோட்டார் கார் தென்னிந்தியாவுக்கு வந்த காலத்தில் ‘திறந்த கார்’ என்று தனியாக ஒரு வகையைப் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1901இல் பாரி கம்பெனியைச் சேர்ந்த யார்க் என்பவர் அடையாற்றிலிருந்து தம் அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்ற காரும், 1903இல் சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் இயங்கும்படி கட்டிய வண்டியும், துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் சென்னையில் முதல் எண்ணைப் பெற்றுப் பதிவு செய்த காரும் குதிரை வண்டியின் பரம்பரையில் உதித்தவை. குதிரையை அவிழ்த்துவிட்டு அவ்விடத்தில் யந்திரத்தை வைத்தார்கள். வண்டியின் மேற்பாகத்தை அப்படியே விட்டார்கள். மரத்தாலும் இரும்பாலும் செய்த வளைவுகள்மீது கித்தான் துணியைப் போர்த்தி, வேண்டும்போது விரிக்கவும் வேண்டாதபோது பின்னே மடித்துக் கட்டவும் வசதி செய்திருந்தார்கள். பக்கங்களுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பித்தான் மாட்டும் திரைகளைப் பூட்ட வேண்டும். அவற்றில் பார்ப்பதற்காகத் தைத்திருந்த செல்லுலாயிட் சதுரங்கள் சில ஆண்டுகளில் மஞ்சள் பூத்துவிடும். முகப்பு விளக்குகள் மின்சாரத்தால் எரிந்தவையல்ல. கார்பைடுக் கட்டிமீது தண்ணீர் சொட்டி, அதிலிருந்து கிளம்பும் வாயுவால் எரிந்தவை. உலோகச் சுரங்கங்களில் அக்காலத்துத் தொழிலாளி தூக்கிச் சென்ற விளக்கும் இதே கார்பைடு விளக்குத்தான்.

சுரங்கத் துரைமார்கள் பங்களாக்களில் வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கிளப்பும் கால்ஃப் மைதானமும் இருந்தன. குதிரையும் சாரட்டும் இருந்த லாயத்துக்குள் பின்னர் கார் வந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டு ‘டி’ கார்களிலும், 1922இல் வெளிவந்த சிற்றுருவான ஆஸ்டின் செவனிலும் இந்தியச் சாலைகளுக்கு வந்தவை பெரும்பாலும் திறந்த வகையே.

இந்தப் பீடபூமியில் திறந்த காரை ஓட்டுவதன் இன்பத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் 2,700 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. சென்னையில் சித்திரை வெயிலில் கூரையை மடிப்பவன் தன் உடம்புக்குத் துரோகம் செய்கிறான். இங்கேயோ, ஐப்பசியிலிருந்து மாசி வரையில், விடியற்காலையிலும் மாலையிலும், மடிக்காதவன்தான் தனக்குக் கிடைத்ததை வீணாக்குகிறான். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து புறப்பட்டு, சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகளைப் பின்னே தள்ளி, பாலாற்று நீரைத் தேக்கித் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியை நோக்கிச் செல்லும் சாலையில், மூடிய காரில் இருப்பவனுக்குக் கண்ணாடிக்குள் அடங்கிய காட்சிதான் கிடைக்கும்; திறந்த காரில் இருப்பவனோ, கரும்பு ஆலையின் வெல்ல மணத்தையும், புதிதாய் உழுத கேழ்வரகு வயலின் ஈர வாசனையையும், பாறைக்குன்றின் நிழலுக்குள் நுழையும்போது சட்டென்று தோளில் விழும் குளிர்ச்சியையும், நிழல் தாண்டியவுடன் பிடரியில் படும் வெயிலையும் ஒன்றன்பின் ஒன்றாக அறிந்துகொண்டு போகிறான். எதிரே வருபவரோடு பேச வண்டியை நிறுத்தினால் போதும், கண்ணாடியை இறக்க வேண்டியதில்லை. எஞ்சினின் சத்தம் திறந்த வெளியில் கலைந்து போகிறபடியால், பறவையின் ஒலிகூடக் காதில் விழுகிறது. நாற்பது மைல் வேகத்தில் செல்லும்போது எண்பது மைலில் செல்வது போன்ற உற்சாகம் உண்டாகிறது. ஆகவே திறந்த காரின் இன்பத்துக்கு வேகம் வேண்டுவதில்லை. மெதுவாகச் செல்வதிலேயே அது பூரணமாகிறது.

இதற்குரிய விலையையும் உடையவன் கொடுத்தே தீர வேண்டும். செம்மண் சாலையின் புழுதி தலை முதல் கால் வரை படியும். கித்தான் நனைந்தபடியே மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து மடிப்பிலே கிழியும். வானத்தை வாசிக்கத் தெரியாதவன், கூரையை விரித்துப் பூட்டி முடிப்பதற்குள் முழுதும் நனைவான். இத்தனை சிரமங்களையும் பொறுத்துக்கொண்டு அந்தக் காரை விற்க மனம் வராதவர்களே அதற்கு உண்மையான சொந்தக்காரர்கள்.

உலகம் அவ்வாறு பொறுக்கவில்லை. அமெரிக்காவில் 1919இல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றே மூடியதாக இருந்தது. 1927இல் நூற்றுக்கு 85 மூடியவை ஆகிவிட்டன. எட்டே ஆண்டுகளில் நேர்ந்த இந்த மாறுதலுக்கு, எஃகுத் தகட்டால் உடலைக் கட்டும் முறை மலிவானதே முதற் காரணம். 1939இல் பிளிமத் கம்பெனி, பொத்தானை அமுக்கினால் தானே ஏறி இறங்கும் துணிக்கூரையைக் கொண்டுவந்தது. அதற்குள் திறந்த கார், எல்லாருடைய வாகனமாக இருந்த நிலை மாறி, சிலர் ஆசைப்பட்டு வாங்கும் விசேஷ வாகனமாகிவிட்டது.

நம் நாட்டில் அதன் வரவு மேலும் தடைப்பட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. பல வண்டிகள் பின்புறத்தில் கரிவாயு அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. சுதந்திரத்துக்குப் பிறகு முழுக் காரை இறக்குமதி செய்வது நின்றது. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் சிபாரிசையடுத்து, இங்கேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டமில்லாத கம்பெனிகள் தொழிலை மூடின. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் போயின. பின்னர் சாலைகளில் ஓடிய அம்பாசடரும் பியட்டும் கூரையோடு சேர்த்து ஒரே உடலாகக் கட்டப்பட்டவை. அவற்றின் பலமே கூரையையும் தூண்களையும் சார்ந்தது. கூரையை அறுத்தெடுத்தால் மூடியைக் கிழித்த அட்டைப்பெட்டி போல் உடல் நெளியும், கதவுகள் பொருந்தா. பழைய அமெரிக்கக் கார்களோ தனியான கனத்த இரும்புச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்தவை. அவற்றுக்குக் கூரை அலங்காரமே தவிர ஆதாரமல்ல. 1961 முதல் சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்தத் தனிச்சட்டக வகையைச் சேர்ந்ததாகையால், பட்டறைக்காரர்கள் அதன் கூரையைக் கழற்றித் துணிக்கூரை போட்டார்கள்.

இப்படி அருகிப்போன திறந்த காரைத் தமிழ்நாட்டிலும் தமிழர் வாழும் ஊர்களிலும் பல பத்தாண்டுகள் காப்பாற்றி வைத்தது கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு என்றும் ஜானவாசம் என்றும் வழங்கும் ஊர்வலத்தில், முற்காலத்தில் மணமகன் பல்லக்கிலோ குதிரையிலோ சாரட்டிலோ வந்தான். இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தைத் திறந்த கார் பிடித்துக்கொண்டது. ஊர்வலத்தின் நோக்கமே மாப்பிள்ளையை ஊரார் கண்ணாரப் பார்ப்பதுதான். மூடிய காரில் அவனை உட்கார வைத்தால் அந்த நோக்கம் சிதைந்து போகும். ஆகவே, வேறெதற்கும் கட்டுப்படியாகாத பழைய செவர்லே, டாட்ஜ், பியூக் கார்களை, கல்யாண வாடகைக்கென்றே சிலர் வைத்துப் பராமரித்தார்கள். ஒரு கல்யாணத்துக்கு ஓடும் தூரம் ஒரு மைலுக்கு மேல் இராது; வேகமோ, நாதஸ்வரக்காரரும் பேண்டுக்காரரும் நடக்கும் வேகம். கிளட்சு தேயாமல், எஞ்சின் கொதிக்காமல், நடைவேகத்தில் இரண்டு மணி நேரம் காரை நகர்த்துவது ஒரு தனி வித்தை. கியாஸ் லைட்டைத் தலையில் சுமந்தவர்கள் இரு வரிசையாக முன்னே நடக்க, மாலையும் கோட்டும் அணிந்த மாப்பிள்ளை பின் ஆசனத்தில் வீற்றிருக்க, அவனைச் சுற்றிக் காரின் கதவுகளிலும் மட்கார்டுகளிலும் இரு வீட்டுக் குழந்தைகளும் ஏறிக்கொள்ள, காரின் உருவம் பூச்சரங்களுக்குள் மறைந்துபோகும்.

ஆண்டர்சன்பேட்டைத் தெருவில் இந்த ஊர்வலத்துக்கு இருந்த பொருள் மயிலாப்பூர் மாட வீதியில் இருந்ததைவிட ஆழமானது என்று நான் கருதுகிறேன். தங்கவயலின் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஆதிதிராவிடத் தமிழர்கள். அவர்கள் விட்டு வந்த கிராமங்கள் பலவற்றில் அவர்கள் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கவோ, குடை பிடிக்கவோ, மண ஊர்வலம் போகவோ இடமில்லை. தங்கவயலில் கூலி குறைவாகவும் ஆபத்து மிகுதியாகவும் இருந்தன. ராக் பர்ஸ்ட் என்று இங்கே எல்லாரும் சொல்லும் பாறை வெடிப்பில் இறந்தவர்கள் எத்தனையோ பேர். ஆயினும் கிராமத்தின் அந்தத் தடை இங்கே செல்லவில்லை. சாதியை எதிர்த்த பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை உண்டாயிற்று; அவர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகை பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது; 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் சுரங்கங்களை நிறுத்தினார்கள். இந்த மக்களின் பிள்ளையொருவன், நேற்று வரை பாதாளத்தில் பாறை துளைத்தவன், துரைமார் ஏறிய அதே வகைக் காரில், அதே சாலையில், கூரையில்லாமல், அனைவரும் பார்க்க உட்கார்ந்து வந்தானென்றால், அது அவன் பாட்டனார் பிறந்த ஊரில் நடக்க முடியாத காரியம். திறந்த காரின் இன்பங்களில் காற்றையும் வெளிச்சத்தையும் முன்னே சொன்னேன். பிறர் கண்ணில் மறையாமல் இருக்கும் கௌரவத்தை அவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்.

யுத்தத்துக்குப் பிறகு வந்த ஜீப் இன்னொரு வகையில் இந்த மரபைத் தொடர்ந்தது. கித்தான் கூரையை நீக்கிய ஜீப்பில் நின்றுகொண்டு கை கூப்பி வரும் தலைவர்களைத் தேர்தல்தோறும் தங்கவயல் கண்டது. ஆனால் ஊருக்குச் சோறு போட்ட சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் வசமாகி, 1962இல் மத்திய அரசுக்குச் சென்று, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. சம்பளம் நின்ற ஊரில் கல்யாணத்தின் ஆடம்பரம் குறைவது இயல்பே. ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் விடியலில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகலானார்கள். கல்யாணங்கள் மண்டபத்துக்குள் அடங்கின. மண்டபத்து வாசலில் நிற்கும் அலங்காரக் காருக்குக் கூரையும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கின்றன.

திறந்த கார்களைப் பற்றிய ஆவணங்களை மியூசியங்களும் ராஜ வம்சத்தாரும் தங்களுக்குரியவற்றுக்கு மட்டுமே சேர்த்து வைத்திருக்கிறார்கள். தங்கவயலில் ஓடியவற்றுக்கு மிஞ்சிய சாட்சி, குடும்பங்களின் கல்யாண ஆல்பங்களில் கறுப்பு மூலையட்டைகளுக்குள் செருகியிருக்கும் புகைப்படங்களே. அவற்றில் பதிவெண் தெரியும். முன்முகப்பின் சின்னத்தைக் கொண்டு எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். ஒரே கார் எத்தனை வீட்டுக் கல்யாணங்களில் தோன்றுகிறது என்று ஒப்பிட்டால், அதை வாடகைக்கு விட்டவரின் தொழிலையும் ஊர்வலம் சென்ற தெருக்களையும் அறியலாம். ஈரத்தாலும் கரையானாலும் அந்த ஆல்பங்கள் அழிவதற்குள், ஆண்டர்சன்பேட்டையின் இளைஞர்கள் சிலர் வீடு வீடாகச் சென்று அவற்றைப் பிரதியெடுத்து, பெரியவர்கள் நினைவிலிருந்து பெயரும் வருஷமும் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.