பாலே என்னும் பங்குத்தந்தை



ஆண்டுதோறும் ஆகஸ்டு 4-ஆம் நாள் ஆர்ஸ் ஊரின் பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னியின் விழாவைக் கொண்டாடுகிறோம். 1925-ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்ட இவரை, 1929-ல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் உலகப் பங்குத்தந்தையர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். அவருடைய தவ வாழ்வையும், ஒப்புரவுத் தொட்டியில் அவர் அமர்ந்திருந்த நெடிய நேரத்தையும் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். இன்று, அவரைக் குருவாக்கிய இன்னொரு குருவைப் பற்றிச் சிந்திப்போம். அவர் பெயர் சார்ல் பாலே.

1786-ல் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகே, தார்தியி என்ற சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார் வியான்னி. மூன்று ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. கோவில்கள் மூடப்பட்டன; குருக்கள் மறைந்து வாழ்ந்தார்கள். சன்னல்களை அடைத்த ஒரு வீட்டில், மறைவாக நடந்த திருப்பலியில்தான் அவர் முதல் நற்கருணை வாங்கினார். அந்த இருண்ட நாட்களில் உயிருக்கு அஞ்சாமல் மறைவாகப் பணியாற்றிய குருக்களுள் ஒருவர் பாலே. அமைதி திரும்பியதும் அவர் எக்குலி என்ற ஊரின் பங்குத்தந்தையானார். குருத்துவ அழைத்தல் உள்ள இளைஞர்களுக்குத் தம் பங்கு இல்லத்திலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார்.

வியான்னி அவரிடம் வந்து சேர்ந்தபோது வயது ஏறத்தாழ இருபது. கலப்பை பிடித்த கை. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. அந்நாளில் குருத்துவப் பாடங்கள் அனைத்தும் இலத்தீன் மொழியில்தான். இரவில் கண்விழித்துப் படித்ததும் காலையில் மறந்துபோகும். தம்மைவிட வயதில் மிகச் சிறியவர்களோடு அமர்ந்து படிக்க வேண்டிய நிலை. மனம் தளர்ந்து, வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணினார். பாலே அவரைப் போகவிடவில்லை. லா லூவெஸ் என்ற ஊரிலுள்ள புனித பிரான்சிஸ் ரெஜிஸின் கல்லறைக்கு வியான்னி கால்நடையாகத் திருப்பயணம் போய் வந்து, மறுபடியும் புத்தகத்தைத் திறந்தார்.

இடையில் இராணுவ அழைப்பினால் படிப்பு தடைபட்டது. 1813-ல் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்தார். இலத்தீனில் கேட்ட கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல இயலவில்லை. சில மாதங்களில் குருமடம் அவரை அனுப்பிவிட்டது. துறவறச் சகோதரராகவாவது ஆகிவிடுவோம் என்று முடிவுசெய்து, உடைந்த உள்ளத்தோடு எக்குலிக்கு வந்தார்.

அன்பர்களே, இந்த இடத்தில் பாலே செய்தது என்ன? “பாவம், உன்னால் முடியவில்லை” என்று இரக்கப்பட்டு அவர் அனுப்பிவைக்கவில்லை. தேர்வை விலக்கித் தாருங்கள் என்று சலுகை கேட்கவும் இல்லை. அதே இறையியலை, மாணவருக்குப் புரியும் பிரெஞ்சு மொழியில் முதலிலிருந்து கற்பித்தார். பிறகு மேலிடத்தில் பேசி, தேர்வாளர்களையே எக்குலிக்கு வரவழைத்தார். பழகிய இல்லத்தில், தாய்மொழியில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு வியான்னி நன்றாகவே பதில் சொன்னார். 1815 ஆகஸ்டு 13 அன்று கிரெனோபிள் நகரில் அவர் குருவாக அருள்பொழிவு பெற்றார்.

எக்குலியிலேயே பாலேயின் துணைப் பங்குத்தந்தையாக நியமிக்கப்பட்டார். ஒப்புரவு வழங்கும் அதிகாரம் அவருக்குக் கிடைத்தபோது, அவர்முன் முதலில் முழந்தாளிட்டவர் பாலே என்று வரலாறு சொல்கிறது. 1817 டிசம்பரில் பாலே இறந்தபோது இறுதி அருளடையாளங்களை வழங்கியவரும் வியான்னிதான். அடுத்த பிப்ரவரியில் ஆர்ஸுக்குப் புறப்பட்டார். அங்கே வந்து குவிந்த மக்களின் உள்ளத்துச் சுமைகளைப் பொறுமையோடு கேட்ட அந்தக் காது, எக்குலியில் தன்னைப் பொறுமையோடு கேட்ட ஒருவரிடம் பழகிய காது.

ஆனால் எல்லா மாணவருக்கும் ஒரு பாலே கிடைப்பாரா? இதைத் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது என்பதைத் திருஅவை தன் அனுபவத்தில் கற்றது. 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு குருமடத்திலும் ஆன்ம வழிகாட்டி ஒருவராவது இருந்தாக வேண்டும்; மாணவர் தாம் விரும்பும் ஒப்புரவாளரிடம் செல்லலாம். மாணவரைக் குருத்துவத்துக்கு ஏற்பதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்கும்போது, ஆன்ம வழிகாட்டியின் கருத்தையோ ஒப்புரவாளரின் கருத்தையோ ஒருபோதும் கேட்கக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. மதிப்பிடுவது அதிபரின் பொறுப்பு. உடன்நடப்பது வழிகாட்டியின் பொறுப்பு. இரண்டும் கலந்தால் மாணவர் வாய்திறக்க மாட்டார்.

1992-ல் திருத்தந்தை 2-ஆம் ஜான்பால், மனிதப் பயிற்சியே எல்லாப் பயிற்சிக்கும் அடித்தளம் என்று எடுத்துரைத்தார். உளவியல் வல்லுநரின் உதவியைத் தேவையானபோது நாடலாம், ஆனால் மாணவரின் முழுச் சம்மதத்தோடு மட்டுமே என்று 2008-ல் உரோமை நெறிமுறை வகுத்தது. மனநல ஆலோசனை பெறுவது அழைத்தலின் குறை அல்ல என்பது இதனால் தெளிவாகிறது.

இறைமக்களே, இதில் நமக்கும் பங்குண்டு. நம் பங்கிலிருந்து குருமடம் சென்ற பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, “சாமி, எப்போ பட்டம்?” என்று கேட்கிறோம். “நல்லா இருக்கியாப்பா?” என்று கேட்கிறோமா? தேர்ந்து தெளிந்து, இது என் அழைத்தல் அல்ல என்று திரும்பிவரும் பிள்ளையை, “மடத்தை விட்டு ஓடிவந்தவன்” என்று திண்ணையில் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே எத்தனையோ இளைஞர்கள் தங்கள் போராட்டத்தை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் புதைத்துக்கொள்கிறார்கள். திரும்பி வருபவருக்கும் வீட்டுக் கதவும் கோவில் கதவும் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பவர் உண்மையான விடுதலையோடு “ஆம்” என்று சொல்வார்.

குருமட மாணவர்களுக்காகச் செபிக்கும்போது, அவர்கள் சொல்வதைக் கேட்க அமர்ந்திருக்கும் ஆன்ம வழிகாட்டிகளையும் நினைவுகூர்வோம். எக்குலியின் பங்குத்தந்தையைப் போல, தளர்ந்தவரின் பக்கத்தில் நிற்கும் பொறுமையை இறைவன் அவர்களுக்கும் நமக்கும் அருள்வாராக. ஆமென்.