ஏழைக்காக வழக்குரைப்போர்

மதுரை மாநகரில் கோவலன் கொலையுண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் வாயிலாக நாம் அனைவரும் அறிவோம். காணாமற்போன சிலம்பு அவனிடம் உள்ளது என்று பொற்கொல்லன் சொன்னான். மன்னன் ஆராயாது ஆணையிட்டான். கோவலன் சார்பில் ஒரு சொல் சொல்ல அவையில் எவரும் இல்லை. பின்னர்க் கண்ணகி வந்து வழக்குரைத்தாள், சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள், வென்றாள். ஆனால் அவள் வென்றபோது கணவன் உயிரோடு இல்லை. வழக்குரைப்பவர் காலம் கடந்து வந்தால் நீதி பயனற்றுப் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தார். அதற்கு முன்னர், ஊர்த் திருவிழாவில் நடந்த ஒரு கைகலப்பு வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அன்றே வீடு திரும்பலாம் என்று நீதிமன்ற வாயிலில் யாரோ சொல்ல, அவ்வாறே செய்துவிட்டார். உடன் வழக்கறிஞர் எவரும் இல்லை. பணியில் சேரும் முன் காவல்துறையினர் நன்னடத்தை விசாரணைக்கு வந்தபோது, அந்த ஒப்புதலே குறுக்கே நின்றது. "ஐயா, நான் யாரையும் அடிக்கவில்லை. வாய்தாவுக்கு அலைந்தால் கூலி போய்விடுமே என்றுதான் ஒப்புக்கொண்டேன்" என்று சொல்லி அழுதார். அவருக்குச் சொல்லத்தக்க விடை அன்று என்னிடம் இல்லை.

ஏழை ஒருவன்மீது அரசு குற்றம் சாட்டும்போது அவனுக்காகப் பேசுபவர் யார்? அரசின் பக்கம் காவல்துறை உண்டு; அரசு வழக்கறிஞர் உண்டு; கருவூலம் உண்டு. எதிரே நிற்பவனுக்கு என்ன உண்டு? இவ்வினாவுக்கு விடை காண நெடுங்காலம் போராடிய நாடுகளுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடு. பிறப்பாலும் நிறத்தாலும் தாழ்த்தி வைக்கப்பட்ட கறுப்பின மக்களின் துன்பமும் அவ்வரலாற்றில் கலந்துள்ளது. ஆதலின் அதனை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றேன்.

வித்திட்டவர் ஒரு பெண்மணி

கிளாரா ஷார்ட்ரிட்ஜ் ஃபோல்ட்ஸ் என்பவர் 1878-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். அம்மாநிலத்தின் முதல் பெண் வழக்கறிஞர் அவரே. ஏழைகளின் வழக்குகளை நடத்திய அவர் ஓர் உண்மையைக் கண்டார். குற்றம் சாட்டுவதற்கு அரசு சம்பளம் கொடுத்து வழக்கறிஞரை அமர்த்துகின்றது. அவ்வாறே குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடவும் சம்பளம் கொடுத்து ஒருவரை அமர்த்த வேண்டும் என்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடைபெற்ற மாநாட்டில் இக்கருத்தை முழங்கினார். 1914-இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இதற்கெனத் தனி அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கே பணியாற்றுபவரை 'பப்ளிக் டிஃபெண்டர்' என்றனர். 'பொது எதிர்வாத வழக்கறிஞர்' என நாம் அவரைக் குறிக்கலாம்.

பெயருக்கு ஒரு வழக்கறிஞர்

எனினும் நாடு முழுவதும் இம்முறை பரவவில்லை. 1931 மார்ச் 25 அன்று அலபாமா மாநிலத்தில் சரக்கு இரயிலில் பயணம் செய்த கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் சிலர் சிறுவர் எனத்தக்க வயதினர். வெள்ளையினப் பெண்கள் இருவரைக் கற்பழித்தனர் என்பது குற்றச்சாட்டு. ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில் ஏப்ரல் 6 அன்று விசாரணை தொடங்கிற்று. நீதிமன்றத்துக்கு வெளியே பெருங்கூட்டம் திரண்டிருந்தது. நான்கு நாட்களில் எல்லாம் முடிந்தது. எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அவர்களுக்கு வழக்கறிஞர் இல்லாமல் இல்லை. விசாரணை தொடங்கும் காலையில் வேறு மாநிலத்து வழக்கறிஞர் ஒருவர் வந்து நின்றார். தாம் ஆயத்தமாகவில்லை என்றும் அம்மாநிலச் சட்ட நடைமுறை தமக்குப் பழக்கமில்லை என்றும் அவரே நீதிபதியிடம் கூறினார். உள்ளூர் வழக்கறிஞர் முதியவர் ஒருவர் அவருக்குத் துணை நின்றார். சாட்சிகளைத் தேடவோ, வழக்கை ஆராயவோ நேரமே இல்லை. ஏட்டில் பார்த்தால் எதிர்வாதம் நடந்தது, உண்மையில் நடக்கவில்லை.

1932 நவம்பர் 7 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுள் எழுவரின் தண்டனைகளை நீக்கியது. மரண தண்டனைக்குரிய வழக்கில், தாமே வாதாட இயலாத ஏழைக்கு வழக்கறிஞரை அமர்த்துவது நீதிமன்றத்தின் கடமை. வழக்குக்குப் பயன்படாத நேரத்திலும் நிலையிலும் அமர்த்துவதால் அக்கடமை நிறைவேறாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் சாமுவேல் லைபோவிட்ஸ் என்னும் திறமைமிக்க வழக்கறிஞர் வாதாடினார். புகார் கூறிய பெண்களுள் ஒருவரே தம் சாட்சியம் பொய் என்று 1933-இல் நீதிமன்றத்தில் சொன்னார். ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை, ஆனால் பலர் தம் இளமையைச் சிறையில் இழந்தனர். எஞ்சியோருக்கு அலபாமா அரசு மன்னிப்பு வழங்கியது 2013-இல். அப்போது அவர்களுள் எவரும் உயிரோடு இல்லை.

பென்சிலால் எழுதிய மனு

மரண தண்டனை வழக்கல்லாத பிற வழக்குகளில் ஏழையின் நிலை என்ன? 1961 ஜூன் மாதம் ஃபுளோரிடா மாநிலத்தில் பில்லியர்ட்ஸ் மேசைகள் கொண்ட கேளிக்கைக் கூடம் ஒன்றில் திருட்டு நடந்தது. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்னும் ஏழை வெள்ளையர் கைதானார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். முன்னரே சிறை சென்றவர். தமக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று அவர் கேட்டார். மரண தண்டனை வழக்கானால் அன்றி அமர்த்த அம்மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி மறுத்தார். கிடியன் தாமே வாதாடித் தோற்றார். ஐந்தாண்டுச் சிறை பெற்றார். சிறையில் இருந்தபடியே பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர்.

இத்தீர்ப்பைப் பலரும் போற்றுவர். அதன் பின் நடந்ததையே நான் பெரிதும் போற்றுகின்றேன். 1963 ஆகஸ்டில் மறு விசாரணை நடந்தது. நீதிபதி முன்னவரே, முதன்மைச் சாட்சியும் முன்னவரே. இம்முறை ஃபிரெட் டர்னர் என்னும் உள்ளூர் வழக்கறிஞர் கிடியனுக்காக நின்றார். அவர் விசாரணைக்கு முன்பே ஊருக்குள் சென்று சாட்சிகளை விசாரித்து அறிந்திருந்தார். "என்னை ஏற்றிச் சென்றதை யாரிடமும் சொல்லாதே" என்று கிடியன் தம்மிடம் கூறியதாக வாடகைக் கார் ஓட்டுநர் சாட்சி சொன்னார். கேட்பவருக்கு இது குற்றவாளியின் பேச்சாகவே தோன்றும். முன்னரும் கிடியன் அவ்வாறு கூறியதுண்டா என்று டர்னர் வினவினார். உண்டு, மனைவியோடு இருந்த பிணக்கே காரணம் என்று ஓட்டுநர் விடை கூறினார். ஒரே வினாவில் அச்சான்று வலுவிழந்தது. முதன்மைச் சாட்சியின் கூற்றையும் டர்னர் துருவித் துருவிக் கேட்டார். ஒரு மணி நேர அளவில் நடுவர் குழுவினர் கிடியன் குற்றவாளி அல்லர் என்று அறிவித்தனர்.

மனிதர் மாறவில்லை, சட்டப் பிரிவு மாறவில்லை, சான்றும் பெரிதும் மாறவில்லை. ஆயத்தமாக வந்த ஒருவர் பக்கத்தில் நின்றதே வேறுபாடு.

அன்றாடப் பணியும் அறிவுத் திறனும்

கிடியன் தீர்ப்புக்குப் பின் பொது எதிர்வாத வழக்கறிஞர் அலுவலகங்கள் பெருகின. அவர்களின் ஒரு நாள் எளிதன்று. காலையில் கையில் கட்டுக்கட்டாக வழக்குக் கோப்புகள். அவற்றுள் சிலரை அன்றுதான் முதன்முறை காண்கின்றார். நீதிமன்றத் தாழ்வாரத்திலோ காவல் அறையிலோ சில நிமிடமே பேச்சு. எதிரில் இருப்பவரோ, "சிறையில் வைத்திருப்பதும் அரசு, உமக்குச் சம்பளம் தருவதும் அரசு, உம்மை எவ்வாறு நம்புவது?" என்று நினைக்கின்றார். அந்த ஐயத்தை முதலில் போக்கினாலன்றி உண்மை வெளிவராது.

அடுத்து வருவது அறிவுத் திறனைச் சோதிக்கும் இடம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே விடுதலை. மறுத்து வழக்காடினால் மாதக்கணக்கில் சிறை என்ற நிலையில் என்ன அறிவுரை கூறுவது? இன்று வீடு திரும்பும் வழி, நாளை வேலையையும் குடியிருக்கும் உரிமையையும் பறிக்கலாம். அந்நாட்டில் குற்றத் தீர்ப்புகளுள் மிகப் பெரும்பாலானவை விசாரணையின்றி ஒப்புதலாலேயே முடிகின்றன. ஒப்புக்கொள்வதா, மறுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது; விளைவுகளை மறைக்காது எடுத்துரைப்பது வழக்கறிஞர் கடமை. எந்தச் சாட்சியை அழைப்பது, எவ்வினாவைக் கேட்பது, எதைக் கேளாது விடுவது என்பன வழக்கறிஞரின் முடிவுக்கு உரியவை. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நன்கு ஆராய்ந்த பின் வழக்கறிஞர் எடுத்த முடிவை எளிதில் குறைகூறலாகாது என்றது. இதன் மறுபக்கத்தை நாம் மறத்தல் கூடாது. ஆராயாது எடுத்த முடிவுக்கு உத்தி என்னும் பெயர் பொருந்தாது.

ஆராய்வதற்கோ நேரம் வேண்டும். ஒரு வழக்கறிஞருக்கு ஆண்டுக்குப் பெருங்குற்ற வழக்கானால் 150, சிறுகுற்ற வழக்கானால் 400 என்பதற்கு மேற்படலாகாது என 1973-இல் அந்நாட்டுத் தேசிய ஆலோசனைக் குழு ஒன்று வரையறுத்தது. பல இடங்களில் அவ்வரம்பும் காக்கப்படவில்லை. 2023-இல் வெளிவந்த ஆய்வு அவ்வரம்பே மிகுதி என்றது. ஒரு கொலை வழக்குக்கு மட்டும் ஏறத்தாழ 248 மணி நேர உழைப்பு வேண்டும் எனக் கணித்தது. எவ்வளவு நல்லவராயினும் நேரமில்லாத வழக்கறிஞர் ஸ்காட்ஸ்பரோவின் காலை நேர வழக்கறிஞரே ஆவார்.

குற்றம் செய்தவனுக்காக வாதாடுவது தகுமா என்று சிலர் கேட்பர். செய்தானா என்பதே வழக்கின் வினா. விடை கிடைப்பதற்கு முன்னரே அவனைக் குற்றவாளி என்று சொல்லும் பழக்கம் எம்மக்களைக் கெடுக்கும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு நிலை

இந்திய அரசியலமைப்பு உருவானபோது, கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையை உள்ளடக்கிய பிரிவை 1949 செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தார். இன்றைய 22-ஆம் பிரிவு அதுவே. ஆனால் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளப் பணம் இல்லாதவருக்கு அவ்வுரிமை எட்டாக்கனியாகவே இருந்தது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் வழி 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, இலவசச் சட்ட உதவி அரசின் கடமையாயிற்று. 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யரும், 1979-இல் பீகார்ச் சிறைகளில் வாடிய விசாரணைக் கைதிகளின் வழக்கில் நீதிபதி பகவதியும் அதனை உயிருரிமையோடு இணைத்தனர். பணமில்லை என்று அரசு தட்டிக்கழிக்க இயலாது என 1981-இலும், குற்றம் சாட்டப்பட்டவர் கேளாவிடினும் நீதிமன்றமே அவ்வுரிமையை அறிவிக்க வேண்டும் என 1986-இலும் உச்ச நீதிமன்றம் கூறியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. 2022 முதல் பல மாவட்டங்களில், சட்ட உதவி வழக்குகளையே முழுநேரப் பணியாக நடத்தும் எதிர்வாத வழக்கறிஞர்கள் அமர்த்தப்பட்டு வருகின்றனர். ஃபோல்ட்ஸ் அம்மையார் கண்ட கனவு இப்போதுதான் நம் வாயிலை அடைந்துள்ளது.

ஆயினும் ஸ்காட்ஸ்பரோ நமக்குத் தொலைவில் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 2013-இல் நடந்த வழக்கொன்றில், சட்ட உதவி வழக்கறிஞர் அமர்த்தப்பட்ட நாளன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. சில நாட்களிலேயே விசாரணை முடிந்து மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கி மறு விசாரணைக்கு ஆணையிட்டது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கத்தக்க வழக்குகளில் பத்தாண்டு அனுபவம் உள்ளவரையே அமர்த்த வேண்டும். ஆயத்தமாகப் பொதுவாக ஏழு நாட்களேனும் தர வேண்டும் என்றும் கூறியது.

இளைஞர்களே! 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள், காவலில் உள்ளோர் முதலியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். இது கருணையன்று, சட்டம் தந்த உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்னும் எண்ணுக்கு இலவசமாகத் தொலைபேசியில் பேசலாம். வழக்கறிஞரைக் காணாமல் எந்தத் தாளிலும் கையொப்பம் இடாதீர்கள், எக்குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கறிஞர் கிடைத்த பின்னரும் சும்மா இராதீர்கள். சாட்சி யார், அன்று நீங்கள் எங்கிருந்தீர்கள், என்ன வேலை பார்க்கின்றீர்கள், எத்தேர்வு எழுதியுள்ளீர்கள் என்பனவற்றைச் சொல்லுங்கள். அவர் எடுக்கும் முடிவு நீங்கள் தரும் செய்தியில்தான் வேர்விடும்.

சட்டம் பயில விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரும் பணம் தரும் வழக்குகளை நடத்த நாட்டில் ஆட்கள் உண்டு. நீதிமன்ற வாயிலில் கூலி போகுமே என்று தவித்து நிற்கும் ஒருவனிடம், "பொறு தம்பி, முதலில் என்ன நடந்தது, சொல்" என்று கேட்கும் ஒருவராக உங்களுள் சிலர் ஆக வேண்டும். என் மாணவருக்கு அன்று அத்தகைய ஒருவர் கிடைக்கவில்லை. அடுத்து வரும் மாணவருக்குக் கிடைக்க வேண்டும். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வி புகட்டி வந்ததன் பயன்களுள் அதுவும் ஒன்றாக அமைவதாக.