செஸ்ஸிங்டன் பூங்கா: ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ரைடில் ஏற்ற மறுப்பது ஏன்? குடும்பத்தோடு போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் சீக்கிரம் எழுந்து, புளியோதரை கட்டி, இரண்டு ரயில் மாறி வந்தாயிற்று. ரோலர் கோஸ்டர் வாசலில் ஓர் அளவுகோல். குழந்தையின் தலை அதிலுள்ள கோட்டைத் தொடவில்லை. "ஒரு சென்டிமீட்டர்தானே, விடுங்களேன்" என்று அப்பா கேட்கிறார். ஊழியர் சிரித்தபடியே தலையாட்டி மறுக்கிறார். குழந்தை அழ ஆரம்பிக்கிறது.

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் 'செஸ்ஸிங்டன் வேர்ல்ட் ஆஃப் அட்வென்ச்சர்ஸ்' பூங்காவில் கோடை விடுமுறை நாட்களில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். ரைடுகளும் மிருகக்காட்சி சாலையும் ஒரே வளாகத்தில் இருப்பதால், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிப்போகலாம் என்று லண்டன் தமிழ்க் குடும்பங்கள் தேர்ந்தெடுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் முன்கூட்டித் திட்டமிடாமல் போனால், டிக்கெட் காசில் பாதி வரிசையிலேயே கரைந்துவிடும்.

முதலில் வந்தது மிருகங்கள்தான்

இந்த இடம் தீம் பார்க்காகத் தொடங்கவில்லை. 1931-ல் ரெஜினால்ட் கொடார்ட் என்பவர், பர்ன்ட் ஸ்டப் என்ற பழைய மாளிகையின் தோட்டத்தில் தனியார் மிருகக்காட்சி சாலையாக இதைத் திறந்தார். சர்க்கஸும் குட்டி ரயிலும் கூடவே இருந்தன. இரண்டாம் உலகப்போரின்போது இங்கிருந்த விலங்குகள் பல, டெவன் மாவட்டத்திலுள்ள பெய்ன்டன் மிருகக்காட்சி சாலைக்கு மாற்றப்பட்டன. லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். சிங்கக் கூண்டின் மேல் ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்தாலே போதும்.

ரைடுகளோடு தீம் பார்க்காக இது மறுபடி திறக்கப்பட்டது 1987-ல். 2007-ல் இருந்து மெர்லின் என்டர்டெயின்மென்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஆல்டன் டவர்ஸ், தோர்ப் பார்க் ஆகியவையும் இதே நிறுவனம் நடத்துபவைதான். அதனால் மெர்லின் வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்கள் புதிதாக டிக்கெட் எடுக்கும் முன், தங்கள் பாஸில் எந்தெந்த நாட்கள் அனுமதி என்று பார்த்துவிடுவது நல்லது.

உயரக் கட்டுப்பாடு: குழந்தைக்கு மட்டுமில்லை, ரைடுக்கும்!

பூங்காவின் புகழ்பெற்ற 'வேம்பயர்' ரோலர் கோஸ்டர் 1990-ல் வந்தது. தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி மரங்களின் உச்சியை உரசுவது போலப் போகும். அது அப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பூங்கா இருப்பது லண்டனைச் சுற்றியுள்ள 'கிரீன் பெல்ட்' என்ற பாதுகாக்கப்பட்ட பசுமைப் பகுதியில். இங்கே மரங்களின் உயரத்தைத் தாண்டிக் கட்டுமானம் எழுப்ப உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி லேசில் கிடைக்காது. எனவே 60, 70 மீட்டர் உயர ராட்சத ரைடுகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இது நல்ல செய்தி. பதினாறு வயதுப் பையனோ, "இவ்வளவுதானா?" என்று கேட்டாலும் கேட்பான். அவனுக்குத் தோர்ப் பார்க்தான் சரி. 2023-ல் திறக்கப்பட்ட 'வேர்ல்ட் ஆஃப் ஜுமாஞ்சி' பகுதியிலுள்ள 'மேண்ட்ரில் மேஹெம்' ஓரளவுக்கு அவனைச் சமாதானப்படுத்தலாம்.

அந்த ஒரு சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது?

பலரும் நினைப்பது போல, குழந்தை பயந்துவிடும் என்பதற்காக வைத்த விதி இல்லை இது. பயப்படாத குழந்தைக்கும் இதே கோடுதான்.

ரோலர் கோஸ்டர் மேட்டில் ஏறி சடாரென இறங்கும்போது, உடல் இருக்கையை விட்டு மேலெழும். வயிற்றுக்குள் ஏதோ நழுவுவது போல இருக்குமே, அந்த நொடி. அப்போது ஆளைப் பிடித்து வைத்திருப்பது தொடைக்கு மேல் இறங்கும் கம்பியோ, தோளை அணைக்கும் பூட்டோதான். அந்தக் கம்பி குறிப்பிட்ட அளவுள்ள உடலுக்காக வடிவமைக்கப்பட்டது. அதைவிடச் சிறிய உடல் என்றால் கம்பிக்கும் தொடைக்கும் நடுவே இடைவெளி விழும்; வளைவில் திரும்பும்போது உடல் அதன் வழியே நழுவலாம். உடலின் பருமனை ஒவ்வொருவருக்கும் வாசலில் அளந்துகொண்டிருக்க முடியாது. உயரத்தை அளப்பது சுலபம். அதனால்தான் கோடு.

"நான்தான் பக்கத்திலேயே உட்கார்கிறேனே, பிடிச்சுக்கிறேன்" என்பது அப்பாக்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி உள்ள ரைடுகளில் இதுவே சிக்கலாகிவிடும். கம்பி அப்பாவின் தொப்பையில் முட்டி நின்றுவிடும். குழந்தையின் மடிக்கு மேலே ஒரு சாண் காலியாகக் கிடக்கும். வேகத்தில் கையால் பிடித்து நிறுத்துவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

இங்கே ஒவ்வொரு ரைடுக்கும் அளவு வேறு. 'டிராகன்ஸ் ஃப்யூரி'க்கு 1.2 மீட்டர், அதாவது சுமார் 3 அடி 11 அங்குலம். 'ராட்டில்ஸ்னேக்'குக்கு 1.4 மீட்டர், சுமார் 4 அடி 7 அங்குலம். சராசரியாக ஒரு குழந்தை 1.2 மீட்டரைத் தொடுவது 7 வயதை ஒட்டி, 1.4 மீட்டருக்கு 10 வயதாவது ஆக வேண்டும். சில ரைடுகளில் பெரியவர் கூட வந்தால் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளையும் ஏற்றுவார்கள். முழுப் பட்டியல் பூங்காவின் இணையதளத்தில் இருக்கிறது. முதல் நாள் இரவே சுவரோடு நிற்க வைத்து, செருப்பில்லாமல் அளந்து, எதில் ஏறலாம் எதில் முடியாது என்று குழந்தையிடமே சொல்லிவிட்டால் வாசலில் அழுகை இருக்காது. ஷூவுக்குள் துணியைச் சுருட்டி வைத்து உயரம் கூட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

குட்டிகள் உள்ள வீட்டுக்கு ஓர் ஆறுதல்: 90 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் நுழைவுக்கட்டணம் இல்லை. சின்னக் குழந்தையை ஏற்ற முடியாத ரைடில் அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஏற வசதி உண்டா, இரண்டாவது முறை முழு வரிசையில் நிற்க வேண்டுமா என்பதை உள்ளே போனதும் விசாரித்துக்கொள்ளலாம்.

கர்ப்பிணிகள், இதய நோய், முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்கள் வேகமான ரைடுகளைத் தவிர்க்க வேண்டும் என்று வாசலிலேயே எழுதியிருக்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்களை "சும்மா ஒரு தடவை ஏறுங்க" என்று வற்புறுத்தாமல் இருப்பது நல்லது.

ரைடு பாதியில் நின்றால்?

ஏறப் போகும் நேரத்தில் "தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பு வந்தால் எரிச்சல் வருவது இயல்பு. பெரும்பாலும் அது பாதுகாப்பு அமைப்பு தன் வேலையைச் செய்வதன் அடையாளம். ரோலர் கோஸ்டரின் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்த வண்டி அதற்குள் நுழைய முடியாதபடி கணினி தடுக்கும். ரயில்வே சிக்னல் போலத்தான். சென்சாரில் சின்னச் சந்தேகம் வந்தாலும் எல்லாம் நின்றுவிடும்.

அந்தத் தடுப்பை மனிதர்கள் மீறினால் என்ன நடக்கும் என்பதை 2015 ஜூன் 2-ம் தேதி இங்கிலாந்து பார்த்தது. ஸ்டாஃபோர்ட்ஷயரிலுள்ள ஆல்டன் டவர்ஸின் 'ஸ்மைலர்' ரைடில், காலியாக அனுப்பப்பட்ட ஒரு சோதனை வண்டி பாதையில் சிக்கி நின்றது. கணினி சரியாகவே அடுத்த வண்டியை நிறுத்தியது. பாதையில் அந்த வண்டி இருப்பதை அறியாத பொறியாளர்கள், கணினிதான் தவறு செய்கிறது என நினைத்து அதை மீறி ரைடை இயக்கினர். பயணிகள் இருந்த வண்டி போய் மோதியதில் 16 பேர் காயமடைந்தனர். இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தனர். 2016-ல் மெர்லின் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது.

பிரிட்டனில் ஒவ்வொரு ரைடையும் ஆண்டுக்கு ஒருமுறை 'அடிப்ஸ்' என்ற திட்டத்தின் கீழ் சுயாதீன ஆய்வாளர்கள் சோதித்துச் சான்று தர வேண்டும். தினமும் காலையில் திறப்பதற்கு முன் ஊழியர்களும் சோதிப்பார்கள். எனவே ரைடு அரை மணி நேரம் மூடிக்கிடந்தால் ஊழியரிடம் சண்டை போடாமல் மிருகங்களைப் பார்க்கப் போய்விடலாம். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதன் வசதியே அதுதான்.

புலி தூங்கினால் கண்ணாடியைத் தட்டலாமா?

கூடாது. சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்வரை ஓய்விலேயே கழிக்கும். புலியும் நிறையத் தூங்கும். "காசு கொடுத்து வந்தோம், எழுந்திரிக்க மாட்டேங்குதே" என்று தட்டினால் அதற்கு எரிச்சல்தான் மிஞ்சும். உணவு தரும் நேரமும் பராமரிப்பாளர் பேசும் நேரமும் அன்றன்று அறிவிக்கப்படும். அந்த நேரத்தில் போய் நின்றால் விலங்கு விழித்திருக்கும், பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளும் இருக்கும்.

கையிலிருக்கும் பிஸ்கட்டைக் குரங்குக்கு நீட்டும் பழக்கம் குற்றாலத்திலிருந்து நம்மோடு கூடவே வருவது. இங்கே அது கண்டிப்பாக வேண்டாம். நம் தின்பண்டத்திலுள்ள சர்க்கரையும் உப்பும் அவற்றின் பல்லையும் குடலையும் கெடுக்கும். அதைவிட முக்கியம், நமக்குச் சாதாரண சளியாக இருப்பது குரங்கினங்களுக்குத் தொற்றி ஆபத்தாக முடியலாம். மிருகக்காட்சி சாலைகளுக்கு 1981-ம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர் நிர்வாகத்தின் உரிமம் தேவை. அதைத் தக்கவைக்க ஆய்வுகளில் தேற வேண்டும்.

கடல் சிங்கம், பென்குயின், புலி என்று பார்த்து முடிக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். வளாகத்துக்குள்ளேயே 'சீ லைஃப்' மீன் காட்சியகமும் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க அதுதான் இடம். கொழும்பில் தெஹிவளை மிருகக்காட்சி சாலையைச் சுற்றிய நினைவோடு வரும் தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். நடக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

எப்படிப் போவது, எப்போது போவது?

வாட்டர்லூவிலிருந்து விம்பிள்டன் வழியாக வரும் ரயில் செஸ்ஸிங்டன் சவுத் நிலையத்தில் முடிகிறது. பயணம் 40 நிமிடத்துக்குள். 6-வது மண்டலத்தில் இருப்பதால் ஆய்ஸ்டர் கார்டும் செல்லும். அங்கிருந்து சுமார் 10 நிமிட நடை. லெதர்ஹெட் வரை நீளவிருந்த தண்டவாளம், 1939-ல் போர் வந்ததால் இங்கேயே நின்றுபோனது. காரில் வருவோருக்கு எம்25 நெடுஞ்சாலையின் 9-வது சந்திப்பிலிருந்து ஏ243 சாலை.

டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். வாசலில் வாங்குவதைவிட ஆன்லைனில் முன்பதிவு செய்வது மலிவு. ஆகஸ்ட் மாதமும் அக்டோபர் ஹாலோவீன் விடுமுறையும் கூட்டம் அலைமோதும் காலம். பள்ளிக்குப் போகாத குழந்தை மட்டும் என்றால், பள்ளி நடக்கும் ஒரு செவ்வாயோ புதனோ போவதே புத்திசாலித்தனம். கதவு திறந்ததும் நுழைந்து, பெரிய வரிசை நிற்கும் ரைடுகளை முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, கூட்டம் ஏறும் மதிய நேரத்தில் மிருகங்கள் பக்கம் போகலாம். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை; உள்ளே உட்கார்ந்து சாப்பிட இடமும் உண்டு.

நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை பெரும்பாலான ரைடுகள் மூடியிருக்கும். அந்த மாதங்களில் சில நாட்கள் மிருகக்காட்சி சாலையை மட்டும் திறப்பார்கள். குளிர்காலத்தில் ஊரிலிருந்து விருந்தினர் வந்திருந்தால், எந்த நாளில் எது திறந்திருக்கிறது என்று இணையதள நாட்காட்டியில் பார்த்த பிறகே ரயிலேற வேண்டும்.