ஜூலியஸ் நைரேரே

ஜூலியஸ் கம்பரகே நைரேரே (13 ஏப்ரல் 1922 – 14 அக்டோபர் 1999) தான்சானியாவின் விடுதலைத் தலைவர். அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர். விக்டோரியா ஏரிக்குக் கிழக்கேயுள்ள புட்டியாமா என்னும் சிற்றூரில், ஜனாகி என்ற சிறிய இனக்குழுவின் தலைவருக்கு மகனாகப் பிறந்தார். அப்போது அந்நிலத்தின் பெயர் டாங்கனிக்கா. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து அது பிரிட்டனின் பொறுப்புக்கு மாறியிருந்தது.

பன்னிரண்டு வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். டபோராவில் பள்ளிப் படிப்பு, உகாண்டாவின் மகரேரே கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி, எடின்பரோவில் முதுகலை என்று முன்னேறி 1952-இல் நாடு திரும்பினார். டார் எஸ் சலாமை அடுத்த புகு கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியரானார். ‘முவாலிமு’, அதாவது வாத்தியார், என்றே மக்கள் அவரைக் கடைசிவரை அழைத்தார்கள்.

1954 ஜூலை 7 அன்று டாங்கனிக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம் (டானு) அவர் தலைமையில் உருவானது. நூற்றுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள் வாழ்ந்த அந்நாட்டில் எந்தக் குழுவும் மற்றவற்றை அடக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை. எல்லோருக்கும் புரியும் மொழியாகச் சுவாகிலி இருந்தது. இவ்விரண்டும் டானுவுக்குக் கைகொடுத்தன. டாங்கனிக்கா ஐ.நா.வின் பொறுப்பாட்சிப் பகுதி என்பதால், 1955-இல் நியூயார்க் சென்று அங்கேயே விடுதலைக் கோரிக்கையை எழுப்பினார். திரும்பியதும் ஆசிரியர் வேலையை விட்டார். 1961 டிசம்பர் 9 அன்று இரத்தம் சிந்தாமல் விடுதலை வந்தது.

பிரதமராக இருந்த நைரேரே விடுதலைக்குப் பின் ஆறு வாரங்களில் பதவி விலகி, கட்சியைக் கட்டுவதற்காக ஊர் ஊராகச் சென்றார். 1962 இறுதியில் குடியரசுத் தலைவரானார். 1964 ஜனவரியில் சான்சிபார் தீவில் புரட்சி வெடித்தது. அதே மாதம் டாங்கனிக்காவின் இராணுவமும் கலகம் செய்ய, அதை அடக்கப் பிரிட்டிஷ் படையையே அழைக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 26 அன்று சான்சிபாரும் டாங்கனிக்காவும் இணைந்தன. அவ்விணைப்பின் பெயரே தான்சானியா.

அவரது ஆட்சியின் உயிர்நாடி 1967 பிப்ரவரியில் வெளியான அருஷா பிரகடனம். வங்கிகளும் பெருந்தொழில்களும் அரசுடைமையாயின. கட்சித் தலைவர்கள் பங்குகள் வைத்திருக்கக்கூடாது, வீட்டை வாடகைக்கு விடக்கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக்கூடாது என்று அது விதித்தது. ஆள்வோரை முதலில் கட்டிப்போட்ட இந்த விதிகளே அதன் மிக உயர்ந்த பகுதி. 1971-இல் வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது பெரிதும் இழந்தவர்கள் இந்திய வம்சாவளியினர். பலர் நாட்டை விட்டே போனார்கள்.

பிரகடனத்தின் மறுபாதி ‘உஜமா’ எனும் கூட்டுக் கிராமத் திட்டம். சிதறிக் கிடந்த குடிகளை ஓரிடத்தில் சேர்த்தால் பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் தரலாம் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் மக்கள் தாமாக வரும்வரை காத்திருக்க அரசுக்குப் பொறுமை இல்லை. 1973-க்குப் பிறகு குடியேற்றம் கட்டாயமானது. திரும்பிப் போகாதபடி சில இடங்களில் பழைய குடிசைகளைக் கொளுத்தினார்கள். வயல்கள் தொலைவாகிப்போயின; வறட்சியும் சேர்ந்துகொள்ள, நாடு தானியம் இறக்குமதி செய்தது. எழுத்தறிவிலும் தொடக்கக் கல்வியிலும் தான்சானியா கண்ட உயர்வு உண்மையானது. வயலில் நேர்ந்த இழப்பை அதைக் காட்டி மறைக்க முடியாது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் 1962-ஆம் ஆண்டுச் சட்டமும், 1965 முதல் நிலவிய ஒரே கட்சி ஆட்சியும் அவருடைய பொறுப்பில் சேர்பவை.

எல்லைக்கு அப்பால் அவர் பெயர் ஓங்கியது. மொசாம்பிக், தென்னாப்பிரிக்க விடுதலை இயக்கங்களுக்கு டார் எஸ் சலாம் அடைக்கலம் தந்தது. கடலில்லாத சாம்பியா வெள்ளையர் ஆட்சிப் பகுதிகளின் தயவில் இராதபடி, சீன உதவியுடன் சுமார் 1,860 கி.மீ. இரயில் பாதை போடப்பட்டது. 1978-இல் உகாண்டாவை ஆண்ட இடி அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்தது; தான்சானியப் படை அடுத்த ஏப்ரலில் கம்பாலாவைக் கைப்பற்றியது. போர்ச் செலவு பொருளாதாரத்தை மேலும் நொறுக்கியது.

1985-இல் யாரும் துரத்தாமல் தாமே பதவி விலகி, அலி ஹசன் முவின்யியிடம் ஆட்சியை ஒப்படைத்தார். அக்கால ஆப்பிரிக்காவில் இது அரிது. பிறகு, தாம் வளர்த்த ஒரே கட்சி முறையை மாற்றலாம் என்று தாமே பேசினார். 1992-இல் பல கட்சி முறை சட்டமானது. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் வணிகன்’ நாடகங்களைச் சுவாகிலியில் பெயர்த்தவர் அவர். கடைசி ஆண்டுகளில் புருண்டி உள்நாட்டுப் போருக்குச் சமரசம் பேசினார். இரத்தப் புற்றுநோயால் லண்டனில் இறந்தார். இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசு 1995-இல் தொடங்கியபோது அதை முதலில் பெற்றவர் நைரேரேதான்.