பூஜ்யம் போடப்பட்ட ஆண்டுகள்

ஓய்வூதியத்தின் வரலாற்றை ஆலைத் தொழிலாளியான ஓர் ஆணின் வரலாறாகவே சொல்லிவந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நான் வாசிக்கத் தொடங்கியது, அதற்குள் பெண் யாராக இருக்கிறாள் என்று அறியத்தான்.

1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அச்சட்டத்தின் திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஒரு பெண், தொழிலாளர் துறை அமைச்சர் பிரான்சஸ் பெர்கின்ஸ். ஆனாலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் ஓய்வூதியத்திலிருந்து விலக்கியது. கூலிக்கு உழைத்த கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சட்டத்தில் நிறத்தைப் பற்றியோ பாலினத்தைப் பற்றியோ சொல்லாமலேயே அவர்களை வெளியே நிறுத்த முடிந்தது. ஒரே வீட்டில் தொடர்ந்து வேலை செய்தவர்கள்கூட 1950-இன் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1939-இல் மனைவிக்கும் விதவைக்கும் உதவித்தொகை வந்தது. 65 வயதான மனைவிக்குக் கணவர் பெறுவதில் பாதி. முதுமையில் பல பெண்களைக் காத்த ஏற்பாடு அது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதி கணவரின் கணக்கிலிருந்து வந்தது. அவள் சமைத்ததற்கும் பிள்ளை வளர்த்ததற்கும் தனிக் கணக்கு இல்லை. விவாகரத்தானவளுக்கு அதுவும் கிடையாது. 1965-இல் அவளையும் சேர்த்தபோது 20 ஆண்டு மணவாழ்க்கை கேட்டார்கள். 1977-இல் அது 10 ஆண்டானது.

உடல் இயலாமைக்கான உதவித்தொகை 1956-இல் வந்தது. முதலில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும். 1960-இல் அந்த வயது வரம்பு நீங்கியது. அடிப்படை விதி, முந்தைய பத்து ஆண்டுகளில் ஐந்து ஆண்டு சம்பள வேலை. பிள்ளைகளுக்காக வேலையை விட்டவள் பிறகு படுத்த படுக்கையானால், முன்பு அவள் செலுத்திய பணம் அவளுக்கு உதவாமல் போகலாம்.

இந்த நிர்வாகத்தின் ஆய்வுப் பிரிவில்தான் மாலி ஓர்ஷான்ஸ்கி வேலை பார்த்தார். குடியேறிகளின் மகள், ஏழ்மையில் வளர்ந்தவர். குடும்பத்தின் மிகச் சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கி, வறுமைக்கு ஓர் அளவுகோல் கண்டார். 1963-இலும் 1965-இலும் நிர்வாகத்தின் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரைகளில், பெண் தலைமையேற்ற குடும்பங்களின் வறுமை எண்களாகத் தெரிந்தது. 1969-இல் அவருடைய அளவுகோலே அரசின் அளவுகோலானது. வறுமையை அந்தப் பெண்களின் ஒழுக்கக்கேடாகப் பேசிவந்தவர்களுக்கு எதிராக வைக்க, நமக்கு ஒரு கணக்கு கிடைத்தது.

ஆனால் ஓய்வூதியக் கணக்கு இன்னும் மாறவில்லை. அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியே அடிப்படை. 25 ஆண்டுகள் மட்டும் சம்பாதித்தவளுக்கு, மீதிப் பத்து இடங்களில் பூஜ்யம் விழும். அந்தப் பத்து ஆண்டுகளில் அவள் தொட்டிலை ஆட்டியிருக்கலாம், மாமியாரின் புண்ணைக் கழுவியிருக்கலாம். ஜெர்மனியில் 1986 முதல் பிள்ளை வளர்த்த காலத்தை ஓய்வூதியத்தில் சேர்க்கிறார்கள். ஆகவே இது செய்ய முடியாத கணக்கு அல்ல.

“வீட்டில் சும்மா இருக்கிறாள்” என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அந்தச் ‘சும்மா’தான் அங்கே பூஜ்யம் என்று பதிவாகிறது. ஓய்வூதியத் திட்டம் எந்த நாட்டுடையதானாலும், நாம் முதலில் கேட்க வேண்டியது தொகை எவ்வளவு என்பதை அல்ல; எந்த வேலையை வேலை என்று எழுதுகிறார்கள் என்பதை.